இலங்கை மலையகத்தில் தங்கி வாழ வருகிறீர்களா? மளிகை, மரக்கறி விலையைக் கணிக்க ஒரு முழு வழிகாட்டி

கனடா, லண்டன் பக்கமிருந்து வந்து சில மாதம் இருந்துவிட்டுப் போக நினைப்பவர்கள், 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு நீலகிரிப் பக்கம் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், வேலைக்காக நுவரெலியாவிலோ பதுளையிலோ வீடெடுத்துத் தங்குபவர்கள் என்று பலரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: “சாப்பாட்டுச் சாமானுக்கு மாதம் எவ்வளவு எடுத்து வைக்கணும்?”

ஒரே எண்ணாகப் பதில் சொன்னால் அது அடுத்த மாதமே பொய்யாகிவிடும். இங்கே கரட் விலை ஒரே மாதத்தில் இரண்டு மடங்காகும், அப்புறம் பாதியாகும். அரிசி அப்படி ஆடாது. தேங்காய் ஏறினால் மாதக்கணக்கில் இறங்காது. ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வருகிறது, எது அதன் விலையை ஏற்றுகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: உங்கள் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்ப்பதை நிறுத்துங்கள்

கோயம்புத்தூரிலிருந்து வருபவர் “ஒரு கிலோ அரிசி 230 ரூபாய்” என்று கேட்டதும் திடுக்கிடுகிறார். ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய். ஆகவே அது இந்தியப் பணத்தில் 66 ரூபாய்தான். டொரண்டோவிலிருந்து வருபவருக்கு நேர்மாறு. எல்லாவற்றையும் டொலரில் வகுத்துப் பார்த்து “இவ்வளவு மலிவா” என்று அள்ளிக்கொண்டு போகிறார். இரண்டாவது மாதம் பணம் எங்கே போனது என்று தெரியாமல் நிற்கிறார். பயப்படுகிறவரும் அள்ளுகிறவரும் செய்வது ஒரே பிழை. தூரத்து ஊர்க் கணக்கை வைத்து இங்கே வாங்குகிறார்கள்.

இங்கே அளவுகோல் தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளம். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல் அது 1,000 ரூபாயானது. 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. 2025 நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டம், வருகைக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 ஆக்க முன்மொழிந்தது. 1,350 ரூபாயை 230ஆல் வகுத்துப் பாருங்கள். அந்தச் சம்பளத்தில் நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் ஆறு கிலோ அரிசி வரவில்லை. 400 கிராம் பால்மா பெட்டி ஒன்று ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு பெட்டி வாங்கினால் அந்த நாள் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். அதனால்தான் தோட்டத்து வீடுகளில் பிளேன்டீ குடிக்கிறார்கள், பால்மாவைக் குழந்தைகளுக்கு என்று எடுத்து வைக்கிறார்கள். எது மலிவு, எது விலை என்று இந்த ஊர் நினைப்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கணக்கு இல்லை.

2022ஐயும் மறக்கக் கூடாது. மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சரிந்தது. 200 ரூபாய்க்குக் கிடைத்த அமெரிக்க டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். பிறகு பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் சொன்னார்கள். விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே அதன் பொருள். ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. “நான் 2019இல் வந்தபோது இவ்வளவுதான் இருந்தது” என்று கடை முதலாளியிடம் சொல்லிப் பயனில்லை. அவரும் அதே விலைக்குத்தான் தன் வீட்டுக்கு வாங்குகிறார்.

படி 2: பொருள் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு கொப்பி எடுத்து, வாங்கப்போகும் சாமான்களை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். இந்த ஒரு வேலை செய்தால் பாதி விஷயம் முடிந்தது.

முதலாவது, மலையிலேயே விளைவது. கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட், போஞ்சி, நோக்கோல், முள்ளங்கி, உருளைக்கிழங்கு. நுவரெலியா, ராகலை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் விளைந்து, நுவரெலியா, கெப்பட்டிபொல பொருளாதார மையங்கள் (மொத்தச் சந்தைகள்) வழியாகவும் தம்புள்ளை வழியாகவும் நாடு முழுக்கப் போகின்றன. இங்கே விளைகிறது என்பதற்காக எப்போதும் மலிவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மலைநாட்டு மரக்கறிக்கு விலை வைப்பது மழை. விடாமல் மழை பெய்தால் பாத்தியிலேயே அழுகும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்தால் இலை கருகும். 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாய் வரை போனது. கரட் விளைகிற ஊரிலேயே கரட் வாங்காமல் திரும்பியவர்கள் இருந்தார்கள். அதற்கு முன்னர், 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது அடிபட்டதும் இதே பாத்திகள்தான். அந்த வருடம் நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் உரத்தின் விலை பழையபடி இறங்கவில்லை.

மழைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மண் சரிந்து பாதை மூடினால் கீழே போக வேண்டிய மரக்கறி இங்கேயே தேங்கும், கீழேயிருந்து வர வேண்டிய அரிசியும் தேங்காயும் நின்றுவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் முழுக்கப் பாதைகள் அறுந்தன. அந்த மாதிரி நாட்களுக்காக ஒரு வாரத்து அரிசியும் பருப்பும் வீட்டில் எப்போதும் கையிருப்பாக இருக்கட்டும். அதற்கு மேல் பதுக்க வேண்டாம். நீங்கள் பத்து கிலோ கூடுதலாகத் தூக்கினால் பின்னால் நிற்கிற வீட்டுக்கு அது இல்லாமல் போகும்.

இரண்டாவது, நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து மேலே ஏறி வருவது. அரிசி பொலன்னறுவை, அநுராதபுரம், அம்பாறைப் பக்கமிருந்து வருகிறது. பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சிலும் சிறுபோகம் ஆகஸ்ட், செப்டம்பரிலும் அறுவடையாகும். அதற்குச் சற்று முன்னால் அரிசி இறுகும். தேங்காய் குருநாகல், புத்தளம், கம்பஹாவிலிருந்து வருகிறது. 2024 கடைசியில் விளைச்சல் குறைந்து காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியது. அடுத்த வருடமும் பெரிதாக இறங்கவில்லை. மீன் கடற்கரையிலிருந்து ஐஸில் வருகிறது. மலையேறி வந்து சேரும்போது விலையும் ஏறியிருக்கும், புதுமையும் குறைந்திருக்கும். அதனால் இங்கே கருவாடு, நெத்தலி, டின் மீன் எல்லாம் அன்றாடச் சாப்பாடு. யாழ்ப்பாணத்திலோ தூத்துக்குடியிலோ வளர்ந்தவர்கள் தினமும் பச்சை மீன் தேடினால் வரவுசெலவு தாங்காது.

மூன்றாவது, கப்பலில் வருவது. மைசூர் பருப்பு பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்தது. கோதுமையும் வெளிநாட்டிலிருந்துதான். இங்கே அரைத்து மாவாக விற்கிறார்கள். சீனி, பால்மா, செத்தல் மிளகாய், பெரிய வெங்காயம் இவற்றிலும் பெரும்பகுதி இறக்குமதி. இவற்றின் விலையை வைப்பது டொலர், இறக்குமதி வரி, ஏற்றுமதி செய்யும் நாட்டின் முடிவு ஆகிய மூன்றும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியதும் ஹட்டன் கடைகளில் பம்பாய் வெங்காயம் என்று சொல்லும் இந்தப் பெரிய வெங்காயம் எட்டாத விலைக்குப் போனது. உள்ளூர் அறுவடை வரும் காலத்தில், விவசாயியைக் காப்பாற்ற அரசாங்கம் கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதி வரியைக் கூட்டுவதும் வழக்கம். அப்போது கடையில் இரண்டு குவியல் கிழங்கு கிடக்கும். பெரியதாக, சுத்தமாக இருப்பது இறக்குமதி. மண் ஒட்டியிருப்பது நுவரெலியாக் கிழங்கு, விலையும் கூடுதல். குழம்புக்கு இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன். ருசி வேறு, பணமும் பக்கத்து ஊர்ப் பாத்திக்குப் போகும்.

படி 3: கடையில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். சந்தையில் மட்டையில் சோக்கால் எழுதியிருக்கும் விலை பல சமயம் கிலோவுக்கு இல்லை, 250 கிராமுக்கு. போஞ்சி 120 என்றிருந்தால் கிலோ 480. பச்சை மிளகாய், இஞ்சி, உள்ளி போன்றவற்றுக்கு 100 கிராம் விலையைக்கூட எழுதி வைப்பார்கள். ஏமாற்றுவதற்காக இல்லை. இங்கே பெரும்பாலானோர் கால் கிலோதான் வாங்குகிறார்கள், அவர்களுக்கு அந்த விலைதான் தேவை. நீங்கள் கிலோக் கணக்கில் வாங்குபவரென்றால் நான்கால் பெருக்கிய பிறகு வாயைத் திறங்கள்.

எண்ணெயில் இன்னொன்று கவனிக்க வேண்டும். உதிரியாக விற்கும் தேங்காய் எண்ணெயைப் போத்தல் கணக்கில் சொல்வார்கள். ஒரு போத்தல் 750 மில்லி. பக்கத்திலேயே அடைத்து விற்பது ஒரு லீட்டராக இருக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் உதிரி எண்ணெய் உண்மையைவிட மலிவாகத் தெரியும். போத்தல் விலையை மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் லீட்டர் விலை வந்துவிடும். பாலையும் பல இடங்களில் போத்தல் கணக்கில்தான் ஊற்றுகிறார்கள்.

தமிழ்நாட்டவர்கள் சில பெயர்களைப் பழகிக்கொண்டால் போதும். சர்க்கரைக்குச் சீனி, முட்டைக்கோசுக்குக் கோவா, பீன்சுக்குப் போஞ்சி, பூண்டுக்கு உள்ளி, காய்ந்த மிளகாய்க்குச் செத்தல், பிரெட்டுக்குப் பாண். சந்தையில் பல வியாபாரிகள் சிங்களவர்கள். “கீயத?” என்று விலை கேட்டால் சிரித்த முகத்தோடு சொல்வார்கள். தமிழ் தெரிந்தவர் பக்கத்தில் எப்படியும் இருப்பார்.

படி 4: எதை எங்கே வாங்குவது

அரிசி, பருப்பு, சீனி, மா: முதலில் சதொசவில் விலையைப் பாருங்கள். அரசாங்கக் கடை என்பதால் அடிப்படைப் பொருட்களின் விலை அங்கே பெரும்பாலும் குறைவு. வாங்காவிட்டாலும் மற்றக் கடைகளை ஒப்பிட அது ஓர் அளவாக இருக்கும். ஆனால் நீங்கள் கேட்கும் அரிசி எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஃபூட் சிட்டி, கீல்ஸ் போன்ற சுப்பர் மார்க்கெட்டுகளில் பொதி செய்த சாமானுக்கும் சலுகை நாட்களுக்கும் போகலாம். மரக்கறியை அங்கே வாங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. பக்கத்து மலையில் விளைந்தது சுற்றிச் சுற்றி வந்து வாடிக் கிடக்கும்.

மரக்கறிக்குச் சந்தை. பண்டாரவளையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பேர் போனது. மற்ற டவுன்களுக்கும் அவரவர் சந்தை நாள் உண்டு, வீட்டுக்காரரைக் கேளுங்கள். காலையில் போனால் நல்லதைப் பொறுக்கலாம். பின்னேரம் போனால் விலை இறங்கியிருக்கும், கீரை வாடியிருக்கும். கரட்டையும் கிழங்கையும் பின்னேரம் வாங்கலாம், கீரையையும் போஞ்சியையும் காலையில் வாங்குங்கள். கரட்டில் பளபளவென்று கழுவியதைவிட மண்ணோடு இருப்பதை எடுங்கள். கழுவியது அழகாக இருக்கும், ஆனால் சீக்கிரம் வழுவழுக்கும். முனையை ஒடித்துப் பாருங்கள். சட்டென்று ஒடிந்தால் புதிது, வளைந்தால் பழையது.

அப்புறம் தோட்டத்துக் கடை. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பக்கத்தில் இருக்கும் சின்னக் கடையில் எல்லாமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதில் பஸ் கூலியும் இருக்கிறது, கடனும் இருக்கிறது. தோட்டத்துக் குடும்பங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதிச் சாமான் எடுத்து, சம்பளம் வந்ததும் கட்டுகிறார்கள். பணம் வர ஒரு மாதம் காத்திருக்கிற கடைக்காரர் அந்தச் செலவையும் விலையில்தான் போட முடியும். நீங்கள் கைக்காசு கொடுத்து வாங்குபவர். மாதச் சாமானை டவுனில் வாங்கிக்கொண்டு, தீப்பெட்டி, முட்டை, பாண் போன்றவற்றை இந்தக் கடையில் வாங்குங்கள்.

பேரம் பேசுவது பற்றிக் கேட்கிறார்கள். சந்தையில் இரண்டு மூன்று கிலோ எடுக்கும்போது “குறைச்சுப் போடுங்க அண்ணே” என்று கேட்கலாம், தவறில்லை. ஆனால் வீட்டுக் கொல்லையில் பறித்த கீரையை நாலு கட்டாகக் கட்டிப் பாதையோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் பேசாதீர்கள். டொலரில் வருமானம் உள்ளவர் அங்கே பத்து ரூபாய் குறைக்கக் கேட்பது நியாயமே இல்லை.

படி 5: நாள் பார்த்து வாங்குங்கள்

தோட்டத்தில் சம்பளம் மாதம் 10ஆம் திகதியை ஒட்டிப் போடுவார்கள். அதை அடுத்து வரும் சனி, ஞாயிறில் ஹட்டன், தலவாக்கலை போன்ற டவுன்களில் கால் வைக்க இடம் இருக்காது. நல்ல சாமான் காலையிலேயே தீர்ந்துவிடும். உங்கள் மாதச் சாமானை வாரநாளில் வாங்கிவிடுங்கள். அந்த இரண்டு நாளும் ஆற அமர வாங்க வேண்டியவர்கள் தோட்டத்து மக்கள்.

நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் வசந்த காலம். கொழும்பே மேலே ஏறி வந்ததுபோல் கூட்டம், விலையும் அதற்கேற்ப. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் (மே மாதப் பௌர்ணமி) வரை சிவனொளிபாதமலைப் பருவம். தீபாவளிக்கு முந்திய வாரம் மாவும் எண்ணெயும் தேடி அலைய வேண்டாம், முன்பே வாங்கி வையுங்கள். போயா (பௌர்ணமி) நாளில் இறைச்சி கிடைக்காது.

படி 6: உச்ச விலையையும் உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள்

2024 டிசம்பரில் அரசாங்கம் வர்த்தமானி (அரசிதழ்) மூலம் அரிசிக்கு உச்ச சில்லறை விலை விதித்தது: பச்சை அரிசி 220, நாடு 230, சம்பா 240, கீரி சம்பா 260. இதுபோன்ற கட்டுப்பாட்டு விலைகள் மாறும், ஆகவே வந்ததும் நடப்பு விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கடையில் விலைப்பட்டியல் தெரியும்படி இருக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் முதலில் அதை விரலால் காட்டுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். ஆகாவிட்டால் 1977 என்ற எண்ணுக்கு முறைப்பாடு செய்யலாம். உச்ச விலை போட்டதும் ஒரு வகை அரிசி கடையிலிருந்து காணாமல் போவதும் உண்டு. அப்போது வேறு வகைக்கு மாறிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

படி 7: மலைக் குளிருக்கு ஏற்றபடி சமையுங்கள், சேமித்து வையுங்கள்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் சூடு குறைவு என்பதால் பருப்பும் கடலையும் வேக நேரமாகும், கேஸ் கரையும். 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2025இல் கொழும்பில் 3,690 ரூபாய். மலை மாவட்டங்களில் ஏற்றுக்கூலி சேர்ந்து அதற்கு மேல். எனவே வீட்டுக்கு வாங்கும் முதல் பாத்திரம் பிரஷர் குக்கராக இருக்கட்டும். கடலையையும் பயறையும் இரவே ஊற வையுங்கள். சிலிண்டர் விலை மாதத் தொடக்கத்தில் மாறலாம், அதனால் மாதக் கடைசியில் ஒரு முறை செய்தி பார்த்துவிட்டு நிரப்புங்கள். நீலச் சிலிண்டர் லிட்ரோ, மஞ்சள் லாஃப்ஸ். ஒன்றின் வெறும் சிலிண்டரைக் கொடுத்து மற்றதை எல்லாக் கடையிலும் வாங்க முடியும் என்று சொல்ல முடியாது. ஆகவே உங்கள் தெருக் கடையில் எது கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். குறுகிய காலம் தங்குபவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும்.

குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். வாய் சிறுத்த போத்தலில் வாங்கினால் காலையில் ஒரு சொட்டும் வராது. அகலமான வாயுள்ள பாத்திரத்தில் ஊற்றிக் கரண்டியால் எடுங்கள். உறைந்தால் கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம். மழை மாதங்களில் ஈரம் சுவருக்குள்ளேயே ஏறும். உப்பு கசியும், பால்மா கட்டிபடும், செத்தலிலும் கருவாட்டிலும் பூஞ்சணம் பிடிக்கும். இவற்றை மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் வாரத்துக்கு வாரம் கால் கிலோவாக வாங்குவதே இலாபம். மாறாக மரக்கறி குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே நன்றாகத் தாங்கும். கோவாவும் கரட்டும் காற்றோட்டமான மூலையில் ஒரு வாரம் நிற்கும்.

தேயிலையை மட்டும் எங்கே வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பாலூற்றிக் குடிக்க டஸ்ட் என்னும் தூள், வெறுந்தேநீருக்கு பிஓபி என்னும் உடைந்த இலைத் தரம். தொழிற்சாலை விற்பனைக் கூடத்தில் சுற்றுலாப் பயணிக்கு வைத்திருக்கும் அழகான டப்பாவை விட்டுவிட்டு, டவுன் கடையில் நிறுத்துத் தரும் தேயிலையில் 100 கிராம் வாங்கி ஊற்றிப் பாருங்கள். பிடித்தால் அதே கடைக்குப் போங்கள்.

படி 8: ஒரு மாதம் எழுதி வையுங்கள்

முதல் மாதம் வாங்கும் ஒவ்வொன்றையும் அந்தக் கொப்பியில், பிரித்த மூன்று பகுதியின் கீழே, கிலோ விலையோடு எழுதுங்கள். இரண்டு பேருக்கு மாதம் 12 கிலோ நாடு அரிசி என்றால் 230 வீதம் 2,760 ரூபாய். கணக்கின் அசையாத பகுதி இது. அடுத்து பருப்பு, மா, சீனி, பால்மா, கேஸ். இவற்றை மாதத்துக்கு ஒரு முறை திருத்தினால் போதும். மரக்கறிக்கு நிலையான தொகை வைக்காதீர்கள், வாரத்துக்கு ஒரு தொகை வைத்து அதற்குள் எது கிடைக்கிறதோ அதைச் சமையுங்கள். கரட் ஏறினால் கோவா, போஞ்சி ஏறினால் பூசணி, தேங்காய் ஏறினால் பால் ஊற்றாத குழம்பு. இங்குள்ள வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். கடைக்குப் போவதற்கு முன் இன்ன கறிதான் என்று முடிவு செய்துவிட்டுப் போகிறவர்களுக்கே செலவு எகிறுகிறது.

இரண்டாவது மாதத் தொடக்கத்தில் அந்தக் கொப்பியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டுங்கள். எதை எங்கே கூடுதல் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று வரிக்கு வரி சொல்லிவிடுவார். அந்தத் திருத்தத்தோடு போடும் கணக்கைத்தான் மாதச் செலவு என்று எடுத்து வைக்க வேண்டும்.